எலும்புக்கூடு, எலி, காடு, தொழிற்சாலை: சி. ஆர். ராவ் இத்தனை துறைகளில் எழுதியது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இந்தியப் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்திருக்கிறீர்கள். தொல்லியல், மரபியல், சூழலியல், பொருளாதாரம், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு, சுத்தக் கணிதம் என்று எங்கே பார்த்தாலும் அவர் பெயர் இருக்கிறது. ஒரே மனிதர் இத்தனை துறையிலும் ஆழமாக வேலை செய்திருக்க முடியுமா, இல்லை கணக்குப் போட்டுக் கொடுத்த இடத்திலெல்லாம் பெயரைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்கிறீர்கள். கூடவே, எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடிக்கப்போகும் உங்கள் தங்கையிடம் "ஒரே துறையைப் பிடித்துக்கொள்" என்று எல்லோரும் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்காகத்தான் முதல் கேள்வியையே கேட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் வேலை பார்த்தவன், முப்பது வருடத்துக்கு மேல். அதனால் பெயர் சேர்ப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது உண்மையிலேயே நடக்கிறது. ஒரு முறை ஒரு டாக்டர் தரவை ஃபிளாப்பியில் கொண்டுவந்தார். எனக்கு அரை நாள் வேலை, கட்டுரையில் ஐந்தாவது பெயர் என்னுடையது. இன்னொரு ஆய்வு பச்சிளம் குழந்தைகளின் எடை பற்றியது. அதில் இரண்டு வருடம் உழைத்தேன். எந்தத் தராசு, எத்தனை மணிக்கு எடை பார்ப்பது, பால் குடித்த பிறகா முன்பா என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் உட்கார்ந்து பேசினேன். அந்தக் கட்டுரையில் என் பெயர் மூன்றாவது. என் பயோடேட்டாவில் இரண்டும் ஒவ்வொரு வரிதான், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒரு புள்ளியியலாளரின் பட்டியல் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவர் தனியாக எழுதியவை எவை, அவற்றில் எது மற்றவர்களின் அன்றாட வேலையில் கலந்துவிட்டது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் ராவ் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ராவ் 1920 செப்டம்பர் 10ஆம் தேதி ஹடகலியில் பிறந்தார். இன்று அது கர்நாடகம், அன்று சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டம். தெலுங்குக் குடும்பம். ஆந்திரா பல்கலைக்கழகத்தில் கணித எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக் கல்கத்தா போனவர், 1941இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1945இல் கல்கத்தாக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பதினோரு பக்கம், தனி ஆளாக, 25 வயதுக்குள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமானது.

முதலாவதை இன்று கிராமர்–ராவ் எல்லை என்கிறோம். ஒரு மூட்டையின் சரியான எடை உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் இருக்கும் தராசு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 400 கிராம் முன்னே பின்னே காட்டும், அதாவது திட்டவிலக்கம் 400 கிராம், பிழைகள் வழக்கமான மணி வடிவத்தில். பதினாறு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தால் பிழை 100 கிராமாகக் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இன்னும் சாமர்த்தியமான ஏதாவது ஒரு வழியில், அதே பதினாறு எண்களை வைத்து, 60 கிராமுக்கு இறக்க முடியுமா? முடியாது என்று ராவ் நிரூபித்தார். ஒரு பக்கமாகச் சாயாத எந்த மதிப்பீட்டு முறையும், தரவில் இருக்கும் 'தகவல்' அனுமதிக்கும் அளவைத் தாண்டித் துல்லியமாக முடியாது. அந்தத் தகவலுக்கு ஓர் அளவை இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் ஏற்கெனவே கொடுத்திருந்தார். மாதிரி மிகப் பெரியதாகும்போது இப்படி ஓர் எல்லை உண்டு என்பதும் தெரிந்திருந்தது. கையில் இருக்கும் சின்ன மாதிரிக்கும் அது பொருந்தும் என்று காட்டியதுதான் புதிது.

இரண்டாவது ராவ்–பிளாக்வெல் தேற்றம். இதை நான் எப்போதும் விதையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பத்து விதை நட்டீர்கள், முளைப்புத் திறன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு சோம்பேறி முதல் விதையை மட்டும் பார்க்கிறான். முளைத்திருந்தால் 'ஒன்று', இல்லாவிட்டால் 'பூஜ்யம்' என்கிறான். படுமோசமான மதிப்பீடு, ஆனாலும் சராசரியில் தவறில்லை. இப்போது பத்தில் மொத்தம் ஆறு முளைத்தன என்று அவனுக்குச் சொல்லுங்கள். அந்த ஆறில் ஒன்றாக முதல் விதை இருக்க வாய்ப்பு எவ்வளவு? பத்தில் ஆறு. அவனுடைய மோசமான மதிப்பீட்டைத் தரவின் சாரத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்ததும், நாம் எல்லோரும் சொல்லும் நல்ல மதிப்பீடு தானாக வந்துவிட்டது. எங்கே செய்தாலும் இப்படித்தான், மதிப்பீடு மேம்படும் அல்லது அப்படியே இருக்கும், ஒருநாளும் கெடாது. வகுப்பில் இதைப் போர்டில் போட்டு முடிக்கும்போது பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான சாவி. அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில், இரண்டு நிகழ்தகவுப் பரவல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ராவ் கேட்கிறார். நகைக்கடைத் தராசில் ஒரு கிராம் பெரிய வித்தியாசம், அரிசி மண்டித் தராசில் அது வித்தியாசமே இல்லை. அப்படியானால் தூரம் என்பதை கிராமில் அளக்கக் கூடாது, எவ்வளவு சுலபமாகப் பிரித்தறிய முடிகிறது என்பதை வைத்து அளக்க வேண்டும். இந்த யோசனையை வளைந்த பரப்புகளின் வடிவியலோடு ராவ் இணைத்தார். இன்று ஃபிஷர்–ராவ் தூரம் என்று அழைக்கப்படுவது இதுதான். தகவல் வடிவியல் என்ற தனித் துறையே பல பத்தாண்டுகள் கழித்து இங்கிருந்து கிளம்பியது. அந்த வடிவியலின் நவீன வளர்ச்சியைத் தரம் பார்த்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை, நான் மருத்துவத் தரவுக்காரன். மூலக் கட்டுரையின் வாதத்தை மட்டும் பென்சிலோடு உட்கார்ந்து முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி ராவுக்கு வானத்திலிருந்து விழவில்லை. கல்கத்தாவில் அன்று மேஜை மேல் கிடந்த வேலையே அதுதான். மகலனோபிஸ் மனிதக் குழுக்களின் உடல் அளவுகளை ஒப்பிட ஒரு தூர அளவையை உருவாக்கி 1936இல் அதை முழு வடிவில் வெளியிட்டிருந்தார். உயரத்தையும் உட்கார்ந்த நிலை உயரத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணிவிடுவோம், அந்த இரட்டை எண்ணலைக் கழித்துவிட்டு மிச்சம் சொல்வதுதான் மகலனோபிஸ் தூரம். ஐக்கிய மாகாணத்தில் (பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம்) 1941இல் எடுத்த அளவீடுகளை மகலனோபிஸ், மஜும்தார், ராவ் மூவரும் சேர்ந்து அலசி 1949இல் வெளியிட்டார்கள். சாதிகளையும் பழங்குடிகளையும் மூக்கு உயரம், தலை அகலம் வைத்து ஒப்பிடும் வேலை அது. இந்த மாதிரி ஆய்வின் நோக்கத்தை இன்று நாம் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்காகப் பிறந்த கணிதம் அந்த நோக்கத்தோடு முடிந்துவிடவில்லை.

1946இல் கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தது. சூடானில் நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே ஜபல் மோயா என்ற இடம். மருந்து உற்பத்தியாளர் ஹென்றி வெல்கம் முதல் உலகப் போருக்கு முன்னால் அங்கே தோண்டி எடுத்த பழங்கால எலும்புக்கூடுகள் இங்கிலாந்தில் பல வருடமாகக் கிடந்தன. மகலனோபிஸ் தூரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், ராவ் போனார். பகலில் அருங்காட்சியகத்தில் மண்டை ஓடு அளப்பது. கூடவே ஃபிஷரிடம் பிஎச்.டி. பதிவு செய்துகொண்டார். ஃபிஷர் தன் மரபியல் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்யச் சொன்னார். எலிகளை வளர்த்து, இனம் சேர்த்து, எந்த மரபணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்கும் வேலை. ஆக, நீங்கள் படித்த குறிப்பில் இருக்கும் எலும்புக்கூடும் எலியும் ஒரே ஊரில், ஒரே இரண்டு வருடத்தில், ஒரு மாணவன் கையால் செய்த வேலைகள். ஆய்வேட்டின் பொருள் உயிரியல் வகைப்பாட்டில் வரும் புள்ளியியல் சிக்கல்கள்: ஒரு புது மண்டை ஓடு கைக்கு வந்தால் அதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? மறுபடியும் தூரம்தான். ஜபல் மோயா புத்தகம் முகர்ஜி, ராவ், டிரெவர் என்ற மூன்று பெயர்களில் 1955இல் வந்தது. பெயர் மட்டும் சேர்த்த கதை இதில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னும் முப்பத்தைந்து வருடம் தாண்டி வாருங்கள். 1982இல், 60 வயதுக்கு மேல், ராவ் பன்மயத்துக்கு ஓர் அளவையை முன்வைத்தார். ஒரு காட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உயிர்களை எடுத்தால் அவை ஒன்றுக்கொன்று சராசரியாக எவ்வளவு வேறுபட்டிருக்கும் என்பதுதான் அது. வெறுமனே இனங்களை எண்ணினால் ஐந்து வகைப் புல் இருக்கும் இடமும், புல், புதர், கொடி, மரம், பெரணி ஐந்தும் இருக்கும் இடமும் ஒன்றாகத் தெரியும். ராவின் அளவை இரண்டாவது இடத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும். இன்று சூழலியலாளர்கள் 'ராவின் கியூ' என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது மண்டை ஓடு அளந்தவரின் அதே தூரம் என்று நினைவிருக்குமோ.

என் சொந்த வேலையில் ராவ் எனக்குத் தெரியாமலே இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசநோயாளிகளின் தரவு ஒன்று வந்தது. இரண்டு வகை சிகிச்சை, யாருக்கு எப்போது நோய் திரும்பியது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி கால அளவுகளை இரண்டு குழுக்களுக்கு நடுவே ஒப்பிடும் லாக்–ரேங்க் டெஸ்ட் போட்டு முடிவை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் மூத்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்கிருந்து வருது, போட்டுக் காட்டுங்க" என்றார். மேன்டல் என்பவர் 1966இல் எழுதியது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் காக்ஸின் 1972 மாதிரியை எழுதி, இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை என்ற புள்ளியில் நின்றுகொண்டு, அங்கே சரிவு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் நான் போட்ட அதே விடை வந்தது. "ராவ், நாற்பத்தெட்டு" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1948இல் வந்த ஸ்கோர் டெஸ்ட்தான் அது. கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்ட இடத்தில் தரை சமமாக இருக்கிறதா, சரிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. சரிவு அதிகமானால் கருதுகோள் தப்பு. மலை உச்சி எங்கே என்று தேடி ஏற வேண்டியதில்லை. பொருளாதாரக்காரர்கள் இதையே லக்ராஞ்சி பெருக்கிச் சோதனை என்ற வேறு பெயரில் பயன்படுத்துகிறார்கள். அதனால் அவர்கள் கட்டுரைகளில் ராவ் பெயர் பல இடங்களில் வராது. மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஒருவரை எடை போடுவதில் இருக்கும் பெரிய ஓட்டை இது: ஒரு முறை முழுக்க ஊறிப்போனால் யாரும் மூலத்தைக் குறிப்பிடுவதில்லை.

சரி, எல்லாமே தூரம் என்ற ஒரே கயிற்றில் கோத்ததா என்றால், இல்லை. அப்படிச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று அர்த்தம். 1947இல் வந்த ஆர்த்தகோனல் அரே சேர்க்கையியல் (பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம், சேர்க்கலாம் என்று பார்க்கும் கணிதம்) சார்ந்த வேலை. பல காரணிகளைக் குறைந்த பரிசோதனைகளில் எப்படிச் சமச்சீராகச் சோதிப்பது என்பது அங்கே கேள்வி. 1955இல் வந்த பொதுமைப்படுத்திய நேர்மாறு அணி வேறு வகை. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை சமமாக இல்லாத தரவை அலசும்போது சாதாரண நேர்மாறு கிடைக்காமல் போகும், அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வரப் பிறந்தது அது. இவற்றைத் தூரத்தோடு முடிச்சுப் போட என்னால் முடியாது. ஆனால் இரண்டுமே நிஜத் தரவுக்கும் நிஜப் பரிசோதனைக்கும் பயன்படும் வேலைகள், அந்தப் பொதுத்தன்மை நிச்சயமாக உண்டு.

இங்கேதான் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்க வேண்டும். ஜப்பானின் தரப் புரட்சியே ராவால் வந்தது என்று இணையத்தில் எழுதுகிறார்கள். ஜப்பானியத் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் தகுச்சி 1950களின் நடுவில் கல்கத்தா நிறுவனத்துக்கு வந்திருந்தார், அவருடைய முறைகள் ஆர்த்தகோனல் அரேயின் மேல் நிற்கின்றன. இவ்வளவும் உண்மை. ஆனால் 1946இலேயே இங்கிலாந்தில் பிளாக்கெட்டும் பர்மனும் இதற்கு நெருங்கிய வடிவமைப்புகளை வெளியிட்டிருந்தார்கள், ஜப்பானின் கதைக்கு வேறு பல காரணங்களும் உண்டு. அப்புறம் கிராமர்–ராவ் எல்லை. ஒரு மாணவர் வகுப்பில் கேள்வி கேட்க, ராவ் அன்றிரவே நிரூபித்து மறுநாள் வந்து சொன்னார் என்ற கதை பிரபலம். கேட்டவர் பின்னாளில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற வி. எம். தண்டேகர். கதைக்கு ஆதாரம் பல வருடம் கழித்து ராவே சொன்னது. நான் நம்புகிறேன், ஆனால் ஆவணம் என்று காட்ட 1945 கட்டுரைதான் இருக்கிறது. அதே எல்லையை ஃப்ரெஷே 1943இலும், டார்முவா 1945இலும் பிரான்சில் எழுதினார்கள், கிராமர் தன் 1946 புத்தகத்தில் சேர்த்தார். போர்க் காலம், இதழ்கள் கடல் கடந்து போகாத நேரம். ராவ் தனியாகக் கண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, "ராவ்தான் முதலில்" என்று சண்டை போடுவதில் நியாயமும் இல்லை. நேர்மாறு அணிக்கும் இதே கதைதான்: மூர் 1920இல் ஒரு வடிவம் கொடுத்திருந்தார், பென்ரோஸ் 1955இல் தனியாக வந்தார்.

மொத்தக் கட்டுரை எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். சில நூறு. சரியான எண் இடத்துக்கு இடம் மாறும், ஏனென்றால் மாநாட்டுத் தொகுப்பு, பதிப்பித்த நூலில் வரும் அத்தியாயம் எல்லாவற்றையும் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். 1979இல் அமெரிக்கா போய், முதலில் பிட்ஸ்பர்க், 1988 முதல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று இருந்த காலத்தில் பல பேர் சேர்ந்து எழுதியவை அதிகம். அவற்றில் யார் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என் கணிப்பில், 1945 முதல் 1948 வரை நான்கு வருடம் தனியாக எழுதியவை மட்டும் இருந்திருந்தாலும் அவர் இடம் மாறியிருக்காது. 2023இல் சர்வதேசப் புள்ளியியல் பரிசைக் கொடுத்தபோது அவருக்கு வயது 102, அதே வருடம் ஆகஸ்டில் காலமானார்.

இனி உங்கள் தங்கை. 1959இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த ஒரு பையன், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு படிக்கலாம் என்று நினைத்துக் கல்கத்தாவில் ராவிடம் சேர்ந்தார். அங்கே கே. ஆர். பார்த்தசாரதி, வரதராஜன், ரங்கா ராவ் என்று நிகழ்தகவிலும் கணிதத்திலும் மூழ்கியிருந்த மூத்த மாணவர்கள் இருந்தார்கள். பையன் அந்தப் பக்கம் போய்விட்டார். ராவ் தடுக்கவில்லை, பிடித்ததைச் செய்ய விட்டார். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மோகோரோவும் ஒருவர். அந்தப் பையன்தான் எஸ். ஆர். எஸ். வரதன், 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றவர். இதை உதாரணமாகக் காட்டி "எல்லாத் துறையிலும் கால் வை" என்று நான் சொல்ல மாட்டேன். வரதன் நிகழ்தகவை ஆழமாகப் பிடித்தார், ராவ் பல இடங்களுக்குப் போனார், இரண்டும் ஒரே கட்டடத்தில் நடந்தன. இன்றைய வேலைச் சந்தையில் எந்தத் துறைக்கு மதிப்பு என்று கேட்டால் என் அனுபவம் பழையது, இப்போது வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். தங்கைக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: கோட்பாட்டை விடாமல் கற்றுக்கொள்ளட்டும், கூடவே தரவு வைத்திருக்கும் யாராவது ஒருவரோடு, அவர் மீன் ஆராய்கிறவரோ பல் டாக்டரோ, ஒரு வருடமாவது உட்கார்ந்து வேலை செய்யட்டும். தரவு சேகரிக்கும் இடத்துக்கே போய், கையால் அளந்து பார்க்கட்டும்.

அதற்கு முன்னால் அந்த 1945 கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். முதல் இரண்டு பகுதிக்கு எம்.எஸ்ஸி. கணிதம் தாராளமாகப் போதும், கொஷி–ஷ்வார்ட்ஸ் சமனின்மை தெரிந்திருந்தால் எல்லைக்கான நிரூபணம் ஒரு மாலையில் முடிந்துவிடும். கடைசிப் பகுதியில் தடுமாறினால் பயப்பட வேண்டாம். சராசரி, திட்டவிலக்கம் இரண்டை மட்டும் எடுத்து, ஒரு கிராஃப் தாளில் நகைக்கடைத் தராசையும் மண்டித் தராசையும் இரண்டு புள்ளிகளாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரியில் சிக்கினாள் என்று இங்கேயே எழுதினால், அந்த வரியை நான் போட்டுக் காட்டுகிறேன்.